நேபாளத்தை பஸ்ஸிலேயே சுற்றலாமா? வண்ணாரப்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறேன். நேபாளத்துக்கு மூன்று முறை போய்வந்தாயிற்று. முதலில் தோழிகளோடு, அடுத்து தனியாக, கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முக்திநாத் பெருமாள் கோயிலுக்கு. மூன்று தடவையும் ரயில், பஸ், ஜீப், நடை மட்டும்தான். போய்வந்த நாளிலிருந்து கடையிலும் தெருவிலும் கோயில் வாசலிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

அக்கா, என்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லை. நேபாளம் போக முடியுமா?

முடியும். இந்தியாவும் நேபாளமும் 1950இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இரு நாட்டு மக்களும் விசா இல்லாமல் போய்வரலாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆனால் அசல் அட்டை வேண்டும். செல்போனில் எடுத்த படத்தை நம்பிப் போகாதீர்கள்.

ஆதாரைப் பற்றித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆதார் பயண ஆவணம் ஆகாது. 65 தாண்டியவர்களும் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளும் படம் உள்ள ஆதார், ரேஷன் கார்டு போன்றவற்றைக் காட்டலாம். தரைவழி எல்லையில் பல நேரம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதனால் "ஆதாரே போதும், நான் போய்வந்தேன்" என்று சொல்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். உள்ளே லாட்ஜிலும், சோதனைச் சாவடியிலும், சிம் கார்டு வாங்கும் இடத்திலும் கேட்பார்களே!

சென்னையிலிருந்து எந்த வழி?

மூன்று வழி சொல்கிறேன். பொக்காரா, முக்திநாத், லும்பினி போகிறவர்களுக்கு கோரக்பூர் வழிதான் நல்லது. ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் சென்னையைத் தொட்டு கோரக்பூர் போகிறது. ஒன்றரை நாளுக்கு மேல் பிடிக்கும். கேரளாவிலிருந்து வடக்கே போகும் சில ரயில்கள் சென்ட்ரலுக்குள் வராமல் பெரம்பூரில் நின்று போய்விடும். அதனால் டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று முந்தின நாளே பாருங்கள். நமக்குப் பெரம்பூர் பக்கம்தான், ஆனால் பெட்டியோடு சென்ட்ரலில் போய் நின்றால் வண்டி போய்விடும். கோரக்பூரிலிருந்து எல்லையில் இருக்கும் சோனாலி சுமார் 100 கிலோமீட்டர். அரசு பஸ் அடிக்கடி உண்டு.

காசியையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் வாரணாசி இறங்கி, அங்கிருந்து கோரக்பூர் போகலாம். நேராகக் காத்மாண்டு போகிறவர்கள் ஹவுரா மெயிலில் கல்கத்தா போய், மிதிலா எக்ஸ்பிரஸில் ரக்சௌல் இறங்கலாம். அது எல்லை ஊர், எதிர்ப்பக்கம் நேபாளத்தின் பீர்கஞ்ச். எனக்குப் பிடித்தது சோனாலி வழி. சமவெளியிலிருந்து மலைக்குள் ஏறுவதை அந்த வழியில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க முடியும்.

எல்லையில் என்ன நடக்கும்?

ஒரு நுழைவு வளைவு இருக்கும், அதன் கீழே நடந்து போவீர்கள், அவ்வளவுதான். பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கோரக்பூரிலேயே "காத்மாண்டு வரை ஒரே டிக்கெட்" என்று கூப்பிட்டு விற்பார்கள். முதல் பயணத்தில் நாங்கள் நான்கு பேரும் வாங்கினோம். எல்லை தாண்டி அந்தச் சீட்டை நீட்டினால் எந்த பஸ்காரருக்கும் அது என்னவென்றே தெரியவில்லை. மறுபடியும் காசு கொடுத்துத்தான் ஏறினோம். எல்லை வரைக்கும் ஒரு டிக்கெட், எல்லை தாண்டியபின் இன்னொரு டிக்கெட். அப்படித்தான் வாங்க வேண்டும்.

கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள். நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி முந்தியது. எல்லை ஊர்களில் செல்போன் இந்திய டவரையே பிடித்துக்கொண்டு இந்திய நேரத்தைக் காட்டும். எல்லை தாண்டியதும் வரும் பைரஹவா ஊரில் ஆறரை மணி பஸ்ஸுக்கு நாங்கள் ஆறு இருபத்தைந்துக்கு வந்து நின்றோம். அவர்கள் கணக்கில் ஆறு நாற்பது. பஸ் போயிருந்தது.

காசை எப்படிக் கொண்டுபோவது?

கணக்கு சுலபம். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993இலிருந்து இந்த விகிதம் மாறவில்லை. கடைக்காரர் சொல்லும் விலை எந்த ரூபாயில் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை ஊர்களில் 'ஐசி' என்றால் இந்திய ரூபாய், 'என்சி' என்றால் நேபாள ரூபாய். இதைக் கேட்காமல் வாங்கினால் நூற்றுக்கு அறுபது நஷ்டம்.

100க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு நேபாளம் 2018 டிசம்பரில் தடை போட்டது. அதிலிருந்து 500 ரூபாய் நோட்டைப் பார்த்தாலே கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோய் எல்லையிலேயே மாற்றிக்கொள்வதுதான் நிம்மதி. 2024 மார்ச்சிலிருந்து போன்பே, கூகுள்பே மாதிரியான நம் யூபிஐ செயலிகளில் நேபாளக் கடைகளின் ஃபோன்பே (Fonepay, நம் போன்பே அல்ல, நேபாள நிறுவனம்) கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் கொடுக்க முடிகிறது. காத்மாண்டு, பொக்காராவில் கைகொடுக்கும். ஜீப்காரரிடமும் மலைமேல் டீக்கடையிலும் ரொக்கம்தான்.

ஊருக்குள்ளே, ஊர்விட்டு ஊர் எந்த வண்டியில் போகணும்?

மிண்ட்டிலிருந்து தண்டையார்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போய்ப் பழகியவர்களுக்கு நேபாளத்தில் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும், கை காட்டினால் எங்கேயும் நிற்கும், ஒருவர் இறங்கினால் இருவர் ஏறுவார்கள்.

ஊர்விட்டு ஊர் போக மூன்று வகை. சுற்றுலா பஸ்ஸில் சீட் எண் உண்டு, காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும், சாப்பாட்டுக்கு நல்ல இடத்தில் நிறுத்துவார்கள். காத்மாண்டு - பொக்காராவுக்கு நான் கொடுத்தது 1,200 நேபாள ரூபாய், அதாவது நம் பணத்தில் 750. அடுத்தது சாதா பஸ். விலை குறைவு, நேரம் அதிகம், கோழி முதல் சிமென்ட் மூட்டை வரை கூடவே வரும். மூன்றாவது மைக்ரோ. பெரிய வேன்தான், ஆனால் அங்கே யாரும் வேன் என்று சொல்வதில்லை. பஸ்ஸைவிட வேகமாகப் போகும். மலைப்பாதையில் அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் பகலிலும் பஸ்ஸையே தேர்ந்தெடுக்கிறேன். பஸ் போக முடியாத மேட்டு ஊர்களுக்கு ஜீப் உண்டு. அங்கே எந்த ஜீப்பையும் 'சுமோ' என்றே கூப்பிடுகிறார்கள்.

காத்மாண்டுவிலிருந்து மேற்கே பொக்காரா போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். பனிமலை அந்தப் பக்கம்தான். திரும்பும்போது இடப்பக்கம். தலைசுற்றல் வருகிறவர்கள் சக்கரத்தின் மேல் உள்ள சீட்டையும் கடைசி வரிசையையும் விட்டுவிடுங்கள். கண்டக்டரே பிளாஸ்டிக் பை கொடுப்பார், வெட்கப்படாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே போனோம்.

ஓட்டுநரைக் கூப்பிடும்போது 'குருஜி' என்பார்கள். மரியாதைக்குச் சொல்வதல்ல, வழக்கமே அதுதான். அந்த வளைவுகளில் ஒரு நாள் உட்கார்ந்து வந்த பிறகு நானும் மனதாரச் சொன்னேன்.

200 கிலோமீட்டர்தானே, மூணு நாலு மணி நேரத்தில் போயிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்து எல்லோருக்கும் பதில் சொல்கிறேன். பயணம் கெட்டுப்போனவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தவறினார்கள்.

மாதவரத்தில் பஸ் ஏறினால் மூன்றரை, நான்கு மணியில் நெல்லூர். அது சுமார் 175 கிலோமீட்டர். காத்மாண்டு - பொக்காரா 200 கிலோமீட்டர். எனக்கு ஒருமுறை எட்டு மணி நேரம் ஆனது, ஒருமுறை பதினொன்று. வழியில் வரும் முக்லிங் ஊரைத் தாண்டி சாலை அகலப்படுத்தும் வேலை பல ஆண்டுகளாக நடந்தது. ஒரு பக்கம் மலையை வெட்டும்போது மறுபக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் இயந்திரம் வந்து அள்ளும் வரை எல்லோரும் இறங்கி நிற்க வேண்டியதுதான். இரண்டாவது பயணத்தில் முக்லிங்குக்கு முன்னால் ஐந்து மணி நேரம் அப்படி நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். யாரும் கத்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை.

அதனால் அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். "எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள், வரும் பதிலோடு இரண்டு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பயணம்தான். சாயங்காலம் ஆறு மணிக்குள் எந்த ஊரில் இருப்போமோ அதுதான் அன்றைய ஊர். நேபாளம் 1,47,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், தமிழ்நாட்டைவிட சற்றுப் பெரியது, அவ்வளவே. வரைபடத்தில் சின்னதாகத் தெரிகிறதே என்று ஒரு வாரத்தில் காத்மாண்டு, பொக்காரா, சித்வன், லும்பினி, முக்திநாத் எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். எழுதிக் கொண்டுவந்து காட்டினால் இரண்டை அடித்துவிடுகிறேன். திட்டினாலும் பரவாயில்லை.

சோனாலியிலிருந்து பொக்காரா போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரே மூச்சில் போகாமல் புட்வல் தாண்டி தான்சேனில் ஒரு இரவு தங்குங்கள். மலை முதுகில் உட்கார்ந்திருக்கும் பழைய ஊர். பால்பா டாக்கா என்ற கைத்தறித் துணி அங்கேதான் நெய்கிறார்கள், நேபாளிகள் தலையில் வைக்கும் தொப்பி அதில் செய்தது. எம்.சி. ரோட்டில் துணி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பூவேலை நன்றாகப் பிடிபடும். நான் இரண்டு முழம் வாங்கிவந்து ரவிக்கை தைத்தேன்.

ராத்திரி பஸ்ல போனா ஒரு நாள் லாட்ஜ் காசு மிச்சமாகுமே?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

2024 ஜூலை 12, விடியற்காலை. நாராயண்காட் - முக்லிங் சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் மலை சரிந்து, 60 பேருக்கு மேல் இருந்த இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. உயிரோடு வந்தவர்கள் மூன்று பேர். இறந்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். நான் பகலில் மூன்று முறை போன சாலை அது. எந்த வளைவில் ஆறு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

பகலில் ஓட்டுநருக்கு மேலே உருளும் கல் தெரியும், சாலையில் புதிதாக விழுந்த வெடிப்பு தெரியும், எதிர்வண்டிக்காரர் கை காட்டி நிறுத்துவார். இரவில் இவை எதுவும் இல்லை. பகல் முழுதும் ஓட்டிய மனிதரே இரவும் ஓட்டிக்கொண்டிருக்கலாம். லாட்ஜுக்கு மிச்சமாகும் காசு 500 ரூபாய். செலவைக் குறைக்க நூறு வழி இருக்கிறது, சிலவற்றைக் கீழே சொல்கிறேன். இந்த ஒன்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பஸ் கூரை மேல் உட்காருவதும் அப்படித்தான், தம்பிகளா.

எனக்கு இந்தி தெரியாதே?

எனக்கும் தெரியாது. சுற்றுலா ஊர்களில் ஆங்கிலம் ஓடும். மற்ற இடங்களில் நான்கு வார்த்தை போதும். 'கத்தி?' என்றால் எவ்வளவு, ஏறக்குறைய நம் கத்தி போலவே ஒலிக்கும். ஊர்ப் பெயரோடு 'ஜானே?' சேர்த்தால் "அங்கே போகுமா?" என்று பொருள். 'ரோக்னுஸ்' என்றால் நிறுத்துங்கள். பெரியவரை 'தாய்' என்று கூப்பிடுங்கள், அங்கே அது அண்ணன். அக்காவுக்கு 'தீதி'. "என்னடா ஆம்பளையைத் தாய்னு கூப்பிடுறா" என்று அம்மா முதல் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தார்.

எழுத்துதான் கஷ்டம். பஸ்ஸின் நம்பர் பலகையிலும் டிக்கெட்டிலும் எண்கள் தேவநாகரியில், அதாவது இந்தி எழுத்தில், இருக்கும். புறப்படுவதற்கு முன் அந்தப் பத்து எண்களையும் பழகிக்கொள்ளுங்கள். நம் புது ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். 10, 20, 50, 100 என்று எல்லாவற்றிலும் தேவநாகரி எண்ணும் அச்சாகியிருக்கிறது. பூஜ்யம், ஒன்று, இரண்டு, ஐந்து நான்கும் பையிலேயே இருக்கின்றன. மீதி ஆறைத்தான் படிக்க வேண்டும்.

டிக்கெட்டில் தேதி விக்ரம் ஆண்டுக் கணக்கில் இருக்கும், நம் ஆண்டோடு 56, 57 கூட்டிய எண். பயப்படத் தேவையில்லை. அவர்களுடைய மாதமும் நம் தமிழ் மாதம் போல சூரியக் கணக்குதான். சித்திரை பிறக்கும்போதுதான் அவர்களுக்கும் புத்தாண்டு. அதனால் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் தமிழ்த் தேதியைப் பார்த்தால், ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக அதுவே அங்கே தேதி. மாதப் பெயரில் மட்டும் கவனம். நம் சித்திரை அவர்களுக்கு வைசாக், நம் ஐப்பசி அவர்களுக்கு கார்த்திக்.

காத்மாண்டுவுக்குள் எப்படிச் சுற்றுவது?

ரத்னா பார்க்கை நம் பிராட்வே என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லா உள்ளூர் வண்டியும் அதைத் தொட்டுப் போகும். வெளியூர் பஸ்கள் கொங்கபு புதிய பஸ் பார்க்கிலிருந்து கிளம்பும், மேற்கே போகிறவை கலங்கி வழியாகப் போகும். பச்சை நிற சாஜா பஸ் கூட்டுறவுக்காரர்கள் ஓட்டுவது, கட்டணம் ஒழுங்காக வாங்குவார்கள். சஃபா டெம்போ என்று மூன்று சக்கர மின்சார வண்டிகள் 1990களிலிருந்தே ஓடுகின்றன. நம் ஊரில் மின்சார ஆட்டோ பற்றிப் பேச்சே இல்லாத காலம் அது. அதை ஓட்டுபவர்களில் நிறைய பேர் பெண்கள். முன்சீட்டில் ஓட்டுநர் தீதி பக்கத்தில் உட்கார்ந்து போனதை நான் மறக்க மாட்டேன். பைக் டாக்சிக்கு பதாவ், இன்டிரைவ் செயலிகள் இருக்கின்றன. பசுபதிநாதர் கோயிலில் இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

பெருமாள் கோயில் அம்மாக்கள் எல்லாரும் கேட்கிறது: முக்திநாத் பஸ்ல போகலாமா? முழங்கால் வலிக்காரங்க போகலாமா?

போகலாம். அம்மாவுக்கு அப்போது 63 வயது, இரண்டு முழங்காலும் வலிதான்.

திருமங்கையாழ்வார் சாளக்கிராமம் என்று பாடிய திவ்யதேசம் இதுதான் என்று நம்மவர்கள் கொண்டாடுகிறார்கள், 108இல் ஒன்று. சாளக்கிராமக் கற்கள் கிடைக்கும் காளி கண்டகி ஆற்றின் கரையோடு ஒட்டித்தான் சாலை ஏறுகிறது. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. நடுவில் ஆறு.

பொக்காராவிலிருந்து பேனி, தாத்தோபானி, மார்ஃபா, ஜோம்சோம், பிறகு முக்திநாத். ஒரே நாளில் ஜோம்சோம் போகும் பஸ் உண்டு. பெரும்பாலான குழுக்கள் அப்படிப் போய், மறுநாள் காலையே கோயில் போய், வாந்தியும் தலைவலியுமாகத் திரும்புகிறார்கள். காரணம் உயரம். பொக்காரா 822 மீட்டர்தான். ஜோம்சோம் 2,720 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட உயரம். முக்திநாத் கோயில் சுமார் 3,750 மீட்டர். ஒன்றரை நாளில் உடம்பு மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது.

நாங்கள் முதல் நாள் தாத்தோபானியில் தங்கினோம், 1,190 மீட்டர். ஊர்ப் பெயருக்கே வெந்நீர் என்றுதான் அர்த்தம். ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அம்மா முழங்காலை அதில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அடுத்த இரண்டு இரவும் மார்ஃபாவில். வெள்ளைச் சுவர் வீடுகளும் ஆப்பிள் தோட்டங்களும் உள்ள ஊர். நான்காம் நாள் காலை ஜீப்பில் மேலே போய் சேவித்துவிட்டு, மதியத்துக்குள் கீழே இறங்கி மறுபடி மார்ஃபாவிலேயே தூங்கினோம். அம்மாவுக்குத் தலைவலிகூட வரவில்லை. இரண்டு இரவு அதிகம், செலவு இருவருக்கும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள். இதை மிச்சம் பிடித்தால்தான் பெரிய செலவில் போய் முடியும்.

ஜீப் கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவா ஊர் வரைதான். அங்கிருந்து படியும் மேடும், நிதானமாக அரை மணியிலிருந்து முக்கால் மணி. முடியாதவர்களுக்குக் குதிரை கிடைக்கும். கோயிலுக்குப் பின்னால் 108 நீர்த்தாரைகள், முன்னால் இரண்டு குளங்கள். பனி உருகிய நீர். வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். அம்மா அப்படித்தான் செய்தார். பெருமாளுக்கு அதில் குறை ஒன்றும் இருக்காது என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்தச் சந்நிதி பௌத்தர்களுக்கும் புனிதமானது. பிக்குணிகள் இருக்கிறார்கள், அவர்கள் பூஜை நடக்கும்போது சத்தம் வேண்டாம்.

அந்தப் பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டினால் காற்று பலமாக வீசும், மணல் கண்ணில் அடிக்கும். காலையிலேயே வேலையை முடிக்கப் பாருங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டும் வேண்டும். நம்மையும் சேர்த்து சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற நாட்டவருக்கு 3,000. பொக்காராவிலேயே வாங்கிவிடலாம், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு எடுத்துப் போங்கள்.

உயரத்தால உடம்புக்கு வர்றதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?

2,500 மீட்டர் தாண்டினால் யாருக்கும் வரலாம். தினமும் ஓடுகிற இளைஞருக்கு வரும், பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கு வராது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இருந்தால் மேலே ஏறாதீர்கள். அதே உயரத்தில் தங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும், இரவாக இருந்தாலும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மாத்திரை பற்றிப் புறப்படும் முன் டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து சீட்காரரிடம் வாங்கி விழுங்காதீர்கள்.

நடைப்பயணம் போக வழிகாட்டி கட்டாயமா?

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டினருக்குக் கட்டாயம் என்று நேபாள சுற்றுலா வாரியம் அறிவித்தது. அமல் இடத்துக்கு இடம் மாறுகிறது. போகும் பகுதியின் அனுமதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல்முறை என்றால் கட்டாயம் இல்லாவிட்டாலும் ஆளைக் கூட்டிப் போங்கள்.

சாப்பாடு?

தால் பாத். சோறு, பருப்பு, ஒரு பொரியல், ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், கூடுதல் காசு இல்லை. சாலையோரக் கடைகளில் நான் 250 முதல் 400 நேபாள ரூபாய் வரை கொடுத்திருக்கிறேன். தக்காலி என்று பலகை இருந்தால் தயங்காமல் நுழையுங்கள், ஜோம்சோம் பக்கத்து மக்களின் கைமணம் அது. காசிமேட்டு மீனில் வளர்ந்தவர்கள் காத்மாண்டு - பொக்காரா சாலையில் மலேகுவில் இறங்கிப் பாருங்கள். திரிசூலி ஆற்று மீனைப் பொரித்துக் கடைகடையாக அடுக்கியிருப்பார்கள். சைவக்காரர்களுக்கும் எங்கேயும் பட்டினி இல்லை. குழம்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோனால் அம்மாக்கள் சந்தோஷமாக இருப்பார்கள்.

எந்த மாசம் போகலாம்?

அக்டோபர், நவம்பர். அல்லது மார்ச், ஏப்ரல். ஜூனிலிருந்து செப்டம்பர் முடிய மழை, அப்போது பஸ் பயணம் வேண்டாம். 2024இல் செப்டம்பர் கடைசி வாரத்திலும் பெருமழை பெய்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள், காத்மாண்டுவுக்குப் போகும் சாலைகள் அடைந்தன. அதனால் நான் அக்டோபர் பத்து தேதிக்குப் பிறகுதான் டிக்கெட் போடச் சொல்வேன். நவராத்திரியை ஒட்டி அவர்களுக்கு தசைன் பண்டிகை. நம் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டம் போல நாடே பஸ் ஏறும். அந்த வாரத்தில் இருந்த இடத்திலேயே இருங்கள். வார விடுமுறை அங்கே சனிக்கிழமை.

பொண்ணு தனியா போனா பயமில்லையா?

பன்னிரண்டு நாள் தனியாகப் போனேன். பகல் பயணம் மட்டும், இருட்டுவதற்கு முன் அறை. குடும்பமாக நடத்தும் லாட்ஜாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பல இடங்களில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு தீதிதான். மைக்ரோவில் பெண்கள் பக்கத்து சீட் கேட்டால் மாற்றிக் கொடுத்தார்கள். என்செல் அல்லது நேபாள் டெலிகாம் சிம் ஒன்றை முதல் நாளே வாங்கி, தினமும் தங்கும் லாட்ஜின் பெயரை வீட்டுக்கு அனுப்பினேன்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

தனியாகப் போனபோது எழுதி வைத்த கணக்கு: நேபாளத்துக்குள் ஒரு நாளைக்கு சராசரி 1,500 இந்திய ரூபாய். அறை 500 முதல் 700, சாப்பாடும் டீயும் 450, மீதி வண்டிச் செலவு. நகரத்தில் நடையும் டெம்போவும் என்று இருந்தால் இன்னும் குறையும். மூன்று இரவு ஒரே லாட்ஜில் இருந்தால் விலை பேசலாம், நானே பேசினேன். தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் குளோரின் மாத்திரை. மருத்துவக் காப்பீட்டை மட்டும் விடாதீர்கள்.

நேபாளத்தில் ரயிலே கிடையாதா?

இருக்கிறது, ஒரு சின்னப் பாதை. பீகாரின் ஜெய்நகரிலிருந்து சீதை பிறந்ததாகச் சொல்லும் ஜனக்பூர் வழியாகப் போகிறது. பழைய குறுகிய பாதை 2014இல் நின்றுபோய், அகலப் பாதையாக்கி 2022 ஏப்ரல் 2 முதல் மறுபடி ஓடவிட்டார்கள். ஊர் திரும்பும்போது நான் இதில்தான் வந்தேன். ஜனக்பூரில் ஜானகி கோயிலைப் பார்த்துவிட்டு ஜெய்நகர் வந்தால் கங்காசாகர் எக்ஸ்பிரஸில் கல்கத்தா போய்விடலாம். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். மலை எதுவும் தெரியாது, வயல்வெளிதான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பெட்டியை நன்றாகப் பாருங்கள். அந்த ரயிலைச் செய்தது நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஐசிஎஃப்.